சிமெண்ட் என்ன பாலா, திரிந்துபோக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில், ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டை எப்படிச் சீர்செய்துகொள்வது என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. மாடித் தண்ணீர்க் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள், கைப்பிடிச் சுவரில் செடி முளைத்திருந்தால் வேரோடு எடுங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைகள். கடைசி வரியைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது: "மேல்தளப் பணிகளுக்கு அனுபவமுள்ள ஒப்பந்ததாரரை அணுகவும்." அணுகினேன் ஐயா. 2024 ஆவணியில் அணுகினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால், அந்தப் பக்கத்தில் விட்டுப்போனதையும் ஒருநாள் போடுவீர்கள் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 37 வருடம் வேலை பார்த்து 2022இல் ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் சேமிப்பு வங்கி கவுண்டர். பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்து கொஞ்சம் கோணினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு தடவை என் சொந்தச் சித்தப்பா, பேத்தி கல்யாணச் செலவுக்குப் பணம் எடுக்க வந்தவர், மூன்று முறை கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் ஒரு வருடம் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் 1,70,000 ரூபாயை, ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்காமல், முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் தூக்கிக் கொடுத்தேன்.

கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீடு. முன்கட்டு நாட்டு ஓடு. பின்கட்டு 1971இல் போட்ட மச்சு, 620 சதுர அடி. மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கோணவாட்டாகக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கிற கட்டை தானாக எகிறித் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் மேஸ்திரி போதும் என்றார். அந்த வெல்லத் தண்ணீருக்கு வந்த எறும்புப் பட்டாளம் எங்கள் அடுக்களை வரை வந்தது என்று அம்மா ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது கையால் செய்த தட்டையான சதுர ஓடு. ஐம்பது வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

2023 மழையில் மூன்று இடத்தில் ஒழுகியது. கைப்பிடிச் சுவரின் அடியில் ஓர் அரசங்கன்று வேர் விட்டிருந்தது, ஐந்தாறு தட்டோடு விரிந்திருந்தது. அவ்வளவுதான் வியாதி. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சொல்லித்தான் அந்தக் காண்டிராக்டர் வந்தார். பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கையில் சிவப்பு ஒளி பாய்ச்சி அளக்கிற கருவி. நாங்கள் டேப் பிடித்து அளந்த மச்சை அவர் நின்ற இடத்திலிருந்தே அளந்துவிட்டார். அதில் பாதி விழுந்தேன். மீதி விழுந்தது உறவுமுறையில். முதல் நாள் "அம்மா" என்றவர் மறுநாள் "பெரியம்மா" என்றார். "என் பெரியம்மா வீடு மாதிரி நினைத்துச் செய்து தருகிறேன்" என்றார். அவருடைய நிஜப் பெரியம்மா இப்போது எந்தக் கூரையின்கீழ் இருக்கிறாரோ தெரியவில்லை.

சதுர அடிக்கு 300 ரூபாய், மொத்தம் 1,86,000, பத்தே நாள் வேலை என்று பேச்சு. "எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்துவிடுங்களேன்" என்று நானும் கேட்கத்தான் செய்தேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "பெரியம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று மந்திரியின் உறவுக்காரர் கேட்டபோதுகூட வராத கூச்சம் எனக்கு அன்றைக்கு வந்தது. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் நாம் கெட்டிக்காரர்கள் போலிருக்கிறது. வீட்டுத் திண்ணையில், காபி கொடுத்த ஆளிடம், தாளை நீட்டக் கை வரவில்லை. முன்பணம் 50,000 மட்டும் செக்காகக் கொடுத்தேன். பிறகு 40,000, 60,000, 20,000 என்று மூன்று தவணை, எல்லாம் ரொக்கம். "ஆட்களுக்கு வாரக் கூலி பெரியம்மா, செக் மாற நாளாகும்" என்பார்.

வேலை தொடங்கிய அன்றே தட்டோடு முழுவதையும் கடப்பாரையால் பெயர்த்தார்கள். விரிந்தது ஐந்தாறு, பெயர்த்தது அத்தனையும். குப்பை அள்ள டிராக்டர் என்று தனியாக 4,500 வாங்கிக்கொண்டார். உடையாத பழைய தட்டோட்டுக்கு வாங்க ஆள் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் ஓட்டை ஏற்றிக்கொண்டு போக நானே வண்டிக் கூலி கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சிமெண்ட் வந்து இறங்கியது. தபால்காரிக்கு எதில் தேதி போட்டிருந்தாலும் கண் போகும். சிமெண்ட் மூட்டையில் எந்த வருடம் எத்தனையாவது வாரம் தயாரானது என்று அச்சடித்திருப்பார்கள். என் வீட்டுக்கு வந்த மூட்டைகள் 2024இன் ஒன்பதாவது வாரத்துச் சரக்கு, அதாவது மாசி மாதத்தில் தயாரானவை. நான் பார்த்தது ஆவணியில். இரண்டு மூட்டையின் மூலையை அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் போடக் கூடாது. அதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சிமெண்ட் என்ன பாலா பெரியம்மா, திரிந்துபோக?" என்றார். பக்கத்தில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு, அதற்குமேல் வெள்ளை வெளேரென்று கூலிங் டைல்ஸ் ஒட்டினார்கள். மச்சின் நான்கு மூலையிலிருந்தும் தண்ணீர் வடகிழக்குக் குழாய்க்கு ஓட வேண்டும். வாட்டம் சரியாக இருக்கிறதா, ரசமட்டம் வைத்துப் பாருங்கள் என்றேன். "முப்பது வருட அனுபவம், என் கண்ணே ரசமட்டம்" என்றார். அவருக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். பத்து வயதில் கரண்டி பிடித்தாரோ என்னவோ. கான்கிரீட் போட்டால், அது நன்றாக இறுகக் குறைந்தது ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும் அல்லவா? இரண்டாம் நாளே டைல்ஸ் ஒட்ட ஆள் வந்துவிட்டது. பத்து நாள் என்ற வேலை நாற்பத்தேழு நாள் இழுத்த கதையில், ஆட்கள் வராத நாட்களெல்லாம் வெறுமனே போயிற்று. தண்ணீர் நிற்க வேண்டிய நாட்களுக்கு மட்டும் அவருக்கு அவசரம்.

ஐப்பசி பிறந்தது, மழை வந்தது. முன்பு மூன்று இடத்தில் ஒழுகியது, இப்போது ஏழு இடத்தில். அண்டா, தவலை, சருவம் என்று கல்யாண வீட்டுக்குப் போல் பாத்திரத்தையெல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். தொலைபேசியில் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நான்காம் நாள் கும்பிடு போடும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஒருவழியாகப் பேசியபோது அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன்: "அது ஒழுகல் இல்லை பெரியம்மா. புதுத் தளம் இல்லையா, சீலிங் வேர்க்கிறது." நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கரை ஏறும் முன் டெல்டாவில் கொட்டிய மழையில், என் வீட்டு சீலிங் ராத்திரிக்கு இரண்டு தவலை வேர்த்தது.

தை பிறந்த பிறகு, எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். அவர் மாடி ஏறியதும் எதுவும் பேசவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கேட்டார். மச்சின் நடுவில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு வடகிழக்கே குழாய் இருக்க, தென்மேற்கு மூலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அங்கே போய்ச் சுவரோரம் கட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினார். சில இடத்தில் கணீரென்றது, பல இடத்தில் அடியில் பிடிப்பில்லாமல் பொத்துப் பொத்தென்றது. பொத்தென்ற டைல்ஸின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். கால்மணி நேரத்தில் மச்சு முழுக்கக் கோடு.

கீழே இறங்கி, அந்த மூலைக்கு நேர் கீழே உள்ள சாமான் அறைக்குப் போனோம். முக்காலி போட்டு ஏறினார். கோணி தைக்கிற ஊசி ஒன்றை மடியிலிருந்து எடுத்து, தேக்குக் கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் குத்தினார். ஊறிய அவலில் விரல் இறங்குவது போல இரண்டு அங்குலம் இறங்கிற்று. அதே கட்டையின் நடுவில் குத்தினார். ஊசி முனை வளைந்தது. "பார்த்தீர்களா தங்கச்சி, கட்டை நல்ல கட்டை. நுனிதான் செத்திருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இது. சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் அடித்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடினால், விரிசல் வழியே உள்ளே போன ஈரம் மேலே வர வழி இல்லாமல் கீழே இறங்கும். கீழே இருப்பது மரம். சுவருக்குள் புதைந்திருக்கிற நுனிக்குக் காற்றும் கிடையாது, அது முதலில் இற்றுப்போகும். போதாததற்குப் பாரம். இதை நான் அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 620 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கனம் என்றால் சுமார் 103 கன அடி. கன அடிக்கு 68 கிலோ வைத்தாலும் ஏழு டன். டைல்ஸ் தனி. ஐம்பது வருடம் அந்தக் கட்டைகள் சுமந்ததற்கு மேல் ஏழு டன்னை ஏற்றி, நுனியையும் அழுக விட்டு, அதன் கீழே நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். பார்சலில் ஐம்பது கிராம் கூடினாலும் கூடுதல் ஸ்டாம்ப் கேட்டவள்.

இதற்கு முதலில் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அரசங்கன்றின் வேரை எடுத்து, விரிந்த ஓட்டை மாற்றி, சந்துகளைச் சுரண்டிச் சுண்ணாம்புக் கலவையால் பூசியிருந்தால் போதும், இரண்டு ஆள் பத்து நாள் வேலை என்றார். "பத்து நாள்" என்று காண்டிராக்டரும்தான் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

நியாயம் கேட்கலாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, புதிதாக வாங்கிய வீட்டில் கட்டுமானக் குறை இருந்தால் ஐந்து வருடம் வரைக்கும் கட்டி விற்றவர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆனால், விற்பனைக்கு அல்லாத மராமத்து வேலை அந்தச் சட்டத்துக்குள் வராது. எங்களைப் போல் இருக்கிற வீட்டைப் பழுது பார்ப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கதி. அது ஒன்றும் மோசமில்லை. மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "என்ன காகிதம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். செக் அடிக்கட்டையையும், கும்பிடு போடும் படத்தையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சதுர அடி 300 என்று பேசியதற்கு?" இல்லை. "எந்த வேலை செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதற்கு?" இல்லை. "ரொக்கம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு?" இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருந்தாலும் மனுப் போடத்தான் போகிறேன். கொத்தனார் கோடு போட்ட மச்சைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழியில் ஒருநாள் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் வீட்டு வேலைக்கு வந்த சித்தாள். ஜல்லிச் சட்டியை மாடிக்குச் சுமந்தவள். அவளுக்கு நான்கு நாள் கூலி பாக்கியாம், காண்டிராக்டர் என்னிடம் பணம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் கொடுத்த தவணைகளையெல்லாம் அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் சற்று நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "எத்தனை நாள் வந்தாய் என்று எங்கேயாவது குறித்து வைத்திருக்கிறாயா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். "நீங்கள் வைத்திருக்கிறீர்களா அம்மா?" என்றாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். இரண்டு நாள் கூலியை நான் கொடுத்தேன். மற்ற இரண்டு நாளையும் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அனுபவமுள்ளவரை அணுகுங்கள் என்கிறீர்கள். அனுபவம் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா ஐயா? என்னைப் போன்றவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால், ஒரு படிவம் இருந்தால் நிரப்பத் தெரியும். தங்கள் இணைப்பிதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, கத்தரித்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு மராமத்து ஒப்பந்தத் தாளைத் தமிழில் அச்சடித்துத் தாருங்கள். பழைய தளம் எதனால் ஆனது, அதன்மேல் என்ன போடப் போகிறார்கள், எத்தனை அங்குலம், எடுக்கிற பழைய பொருள் யாருக்குச் சொந்தம், எந்தெந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம், கடைசித் தவணைக்கு முன் எத்தனை நாள் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது, அடுத்த மழையில் ஒழுகினால் யார் செலவு என்பதற்கெல்லாம் கோடு போட்டு இடம் விட்டிருந்தால் போதும். நான் தாளை நீட்டினால் அது என் சந்தேகமாகிறது. பத்திரிகையில் வந்த தாள் என்றால், "எல்லோரும் இதைத்தான் நிரப்புகிறார்கள் தம்பி" என்று சொல்லிவிட்டுக் காபியையும் கொடுக்கலாம். அந்த வசதிக்காகத்தான் கேட்கிறேன்.

மச்சை மறுபடி பிரிக்கிற வேலையை அந்தப் பெரிய கொத்தனாரிடமே கொடுத்திருக்கிறேன். இந்த மழைக்குத் தார்ப்பாய்தான். அடுத்த தையில் கான்கிரீட்டைப் பெயர்த்து இறக்கி, செத்த நுனிகளை வெட்டி, புதுக்கட்டை ஒட்டி, சுண்ணாம்புத் தளம் போட வேண்டும். நான் கையாலேயே ஒரு தாள் எழுதி அவரிடம் கொடுத்தேன், கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே. அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது. பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இருபத்தைந்து நாளில் முடிக்க வேண்டும்" என்ற வரியை மட்டும் அடிக்கச் சொன்னார். "சுண்ணாம்பு எப்போது இறுகும் என்று நான் எப்படித் தங்கச்சி கையெழுத்துப் போடுவேன்?" என்றார். அடித்துவிட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் கீழே, கோணல்மாணலாக, கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி. ஒன்று அவர் வீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்.

பி.கு.: காண்டிராக்டர் டிராக்டரில் ஏற்ற மறந்த தட்டோடு முப்பத்தொன்று கிணற்றடியில் கிடக்கிறது. மீதிக்கு ஆறு அங்குலச் சதுரத்தில், கையால் செய்த பழைய ஓடு வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பழைய வீடு பிரிப்பவர்கள் யாராவது இருந்தால் தங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். எண்ணி, ரசீது கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.